ராயபுரத்தில் ஒரு கணக்கு வகுப்பு

ராஜ்கோட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. 1853-ல் ஆரம்பிச்சது. இப்போ நிக்கிற கட்டடம் 1875-ல் ஜூனாகத் நவாப் கொடுத்த பணத்தில் எழும்பியது. ஆல்ஃபிரட் இளவரசர் பேரை வெச்சு 'ஆல்ஃபிரட் ஹைஸ்கூல்'னு கூப்பிட்டாங்க. 1887-ல் மெட்ரிகுலேஷன் முடிச்சுட்டு அங்கிருந்து வெளியே வந்த ஒரு பையன் பேர் மோகன்தாஸ். முதல் வருஷமே இன்ஸ்பெக்டர் வந்து டிக்டேஷன் போட, 'கெட்டில்'ங்கிற வார்த்தையைத் தப்பா எழுதி, வாத்தியார் பூட்ஸ் முனையால சைகை காட்டியும் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதாத அதே மோகன்தாஸ்தான். சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கார்.

2017-ல் அந்தப் பள்ளியை மூடினாங்க. அப்போ அங்கே படிச்சுக்கிட்டிருந்த 125 பிள்ளைங்க கையில டி.சி.யைக் கொடுத்து வேற பள்ளிக்கு அனுப்பிட்டு, கட்டடத்தைப் புதுப்பிச்சு, 2018 செப்டம்பர் 30 அன்று காந்தி அருங்காட்சியகமா திறந்தாங்க. பிரதமரே வந்து திறந்து வெச்சார். நல்ல விஷயம்தான், வேண்டாம்னு யார் சொல்லுவா? கட்டடம் பிழைச்சது. ஆனா அந்தச் செய்தியைப் படிச்சதிலிருந்து எனக்கு ஒரு சின்ன உறுத்தல். ஒரு பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தணும்னா முதல் வேலையா மணி அடிக்கிறதை நிறுத்தணுமா?

இந்த உறுத்தலோட நம்ம வடசென்னைப் பக்கம் திரும்பினா, இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்திருக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ராயபுரம்னா நம்மாளுங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காசிமேட்டு மீன், கல்மண்டபம், செயின்ட் பீட்டர்ஸ் சர்ச், பார்சிக்காரங்களோட 1910-ம் வருஷத்து நெருப்புக் கோயில். சரித்திரப் பிரியர்களா இருந்தா ரயில் நிலையம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜாவுக்குக் கிளம்பின இடம். சும்மா விட்டிருந்தா இடிஞ்சே போயிருக்கும், 2005-ல் புதுப்பிச்சாங்க. இந்த வரிசையில சேராத இன்னொண்ணு சோமு செட்டித் தெருப் பக்கம் இருக்கு. ராமானுஜன் அருங்காட்சியகம் மற்றும் கணிதக் கல்வி மையம்.

முதல் தடவை தேடிக்கிட்டுப் போனப்ப, ஒரு பெட்டிக்கடையில வழி கேட்டேன். "ராமானுஜமா? டாக்டரா, வக்கீலா?" "கணக்கு மேதைங்க." "டியூஷனா? அப்ப இந்தச் சந்துல கேட்டுப் பாரு." அன்னிக்குச் சிரிச்சுட்டேன். யோசிச்சுப் பார்த்தா அந்தக் கடைக்காரர் சொன்னதுதான் சரியான விலாசம். அருங்காட்சியகம்னு கற்பனை பண்ணிக்கிட்டுப் போனா ஏமாந்துடுவீங்க. எழும்பூர் மியூசியம் மாதிரி செங்கல் வளைவு, படிக்கட்டு எதுவும் கிடையாது. அவ்வை கலைக் கழகம்னு ஒரு கல்வி அமைப்பு, அதுக்குள்ள ஒரு பகுதி. 1993-ல் ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவர் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். இடம் கொடுத்து உள்ளே வெச்சுக்கிட்டவர் அந்தக் கழகத்தின் ஏ.டி.பி. போஸ்.

"ராமானுஜன் கும்பகோணத்துக்காரர் ஆச்சே, ராயபுரத்துக்கு என்ன சம்பந்தம்?"னு கேப்பீங்க. நானும் கேட்டேன். கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெரு வீடு இருக்கு, 2003-லிருந்து சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவில்லமா வெச்சிருக்கு, போனா திண்ணை, ஜன்னல் எல்லாம் பார்க்கலாம். சரி. ஆனா சென்னை வரைபடத்தை எடுத்து ராமானுஜன் வாழ்ந்த, வேலை பார்த்த இடங்களைப் புள்ளி வெச்சுப் பாருங்க. பாதிப் புள்ளி திருவல்லிக்கேணியில விழும், மீதிப் பாதி வடக்கே பாரிமுனையைச் சுத்தி விழும்.

அவருக்கும் பள்ளிக்கூடத்துக்குமான உறவே கொஞ்சம் விசித்திரமானது. சின்ன வயசில் கொஞ்ச நாள் மெட்ராஸில் தாய்வழித் தாத்தா வீட்டில் விட்டு, இங்கே பள்ளியில் சேர்த்தாங்க. பையனுக்குப் பிடிக்கவேயில்லை. மட்டம் போட்டான். கடைசியில வீட்டுக்காரங்க போலீஸ்காரர் ஒருத்தரை வெச்சு மிரட்டிப் பள்ளிக்கு அனுப்பினாங்களாம். கும்பகோணத்துக்குத் திரும்பினதும் கதை மாறுது. 1897-ல் பிரைமரி பரீட்சையில் ஜில்லாவுக்கே முதல். அடுத்த வருஷம் டவுன் ஹைஸ்கூல். அங்கே மூத்த கணக்கு வாத்தியார் கணபதி சுப்பையர், 1200 மாணவர்கள், முப்பத்தஞ்சு வாத்தியார்கள் உள்ள பள்ளிக்கு டைம்டேபிள் போடுற வேலையை இந்தப் பையன் கையில கொடுத்துட்டார். டைம்டேபிள் போட்ட அனுபவம் இருக்கிற டீச்சர்கள் யாராவது இதைப் படிச்சா அது எப்பேர்ப்பட்ட தலைவலின்னு சொல்லுவாங்க. 1904-ல் பரிசளிப்பு விழாவில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இவனுக்கு நூத்துக்கு நூறுக்கு மேலயே கொடுக்கலாம்கிற அர்த்தத்தில் பேசினார்.

அதுக்கப்புறம் மூணே வருஷத்தில் மொத்தமும் சரிஞ்சு போச்சு. கும்பகோணம் காலேஜில் ஆங்கிலத்தில் கோட்டை, ஸ்காலர்ஷிப் போச்சு. விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். 1906-ல் மெட்ராஸ் வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அப்போ கல்லூரி சேத்துப்பட்டில் இல்லை (அங்கே போனது 1940-ல்), பாரிமுனை பக்கத்தில் சைனா பஜாரில், கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வெச்சு நிக்குதே அந்த ஹாலில். ராத்திரி தங்கினது பிராட்வே பக்கம் ஒரு சந்தில் பாட்டி வீட்டில். அந்த வருஷம் எஃப்.ஏ. பரீட்சையில் ஃபெயில். அடுத்த வருஷம் தனியா எழுதினார், மறுபடி ஃபெயில். உடலியல் பாடம் அவருக்கு எட்டிக்காய். ஜீரண உறுப்புகள் பத்தின கேள்விக்கு, இந்தப் பாடம் எனக்கு ஜீரணமாகலைன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தார்னு ஒரு கதை உண்டு :-)

இதை எதுக்கு இவ்வளவு விரிவா சொல்றேன்னா, ராமானுஜனுக்கு ஒரு பள்ளி-மியூசியம் வைக்கிறதுன்னா அதில் ஒரு சங்கடம் இருக்கு. பள்ளி அவரை உருவாக்கினதுன்னும் முழுசா சொல்ல முடியாது, விரட்டினதுன்னும் முழுசா சொல்ல முடியாது. ரெண்டும் நடந்திருக்கு.

1912 மார்ச் 1. மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவா சேர்றார். மாசம் 30 ரூபாய். அதுக்கு முன்னாடி அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் கொஞ்ச நாள் 20 ரூபாய் தற்காலிக வேலை. துறைமுகத்துக்கு நடந்து போற தூரம்னு ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவுக்குக் குடி வந்தார். மனைவி ஜானகியும் அம்மாவும் வந்து சேர்ந்துக்கிட்டாங்க. அந்தத் தெருவில் நானே எத்தனையோ தடவை பார்சல் எடுக்க அலைஞ்சிருக்கேன், அப்போ இது தெரியாது.

துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், எஞ்சினியர். 1904-ல் வந்தவர், 1919 வரைக்கும் இருந்தார். நேர் கிழக்கே திறந்திருந்த துறைமுக வாயில் வழியா அலையும் மணலும் உள்ளே வருதுன்னு அதை அடைச்சு, வடகிழக்கில் புது வாயில் வெச்சவர் அவர்தான். (ஒரு குறுக்குச்சால்: தெற்கிலிருந்து வடக்கே போற மணலைத் துறைமுகச் சுவர் தடுத்ததால அந்தப் பக்கம் மெரினா அகலமாச்சு, இந்தப் பக்கம் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரை கடலுக்குப் போச்சு. அங்கே பீச்சுல சுண்டல், இங்கே கரையெல்லாம் கருங்கல். இது தனிப் பதிவுக்கான விஷயம், எழுதுறேன்.) ஸ்பிரிங்குக்குக் கீழே எஸ். நாராயண ஐயர். திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜில் கணக்கு சொல்லிக் கொடுத்துட்டுத் துறைமுக வேலைக்கு வந்தவர்.

புது குமாஸ்தா மதிய நேரத்தில் துறைமுகத்தில் பொட்டலம் கட்டுற காகிதம் பொறுக்கிக்கிட்டுத் திரிவார்னு சொல்லுவாங்க. கணக்குப் போடக் காகிதம் வேணும், வாங்கக் காசில்லை. அதனால பெரும்பாலும் சிலேட்டு. எழுதுறது, கை முட்டியால அழிக்கிறது, மறுபடி எழுதுறது. துணி எடுத்துத் துடைக்கிறதுக்குக்கூட நேரம் கிடையாது, முட்டி கறுத்துப் போயிருக்குமாம். கடைசியா வந்த விடையை மட்டும் நோட்டில் ஏத்துவார். நடுவில் நடந்தது எல்லாம் சிலேட்டோட போச்சு.

இந்தச் சிலேட்டுதான் என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையோட அச்சாணி. மூவாயிரத்துக்கும் மேல முடிவுகள் அந்த நோட்டுகளில் இருக்கு, பெரும்பாலானதுக்கு நிரூபணம் இல்லை. புரூஸ் பெர்ண்ட்னு ஒரு அமெரிக்கக் கணித அறிஞர் ஒவ்வொண்ணுக்கா நிரூபணம் தேடி, ஏற்கெனவே மத்தவங்க செஞ்சதையும் சேர்த்து, அஞ்சு தொகுதியா வெளியிட்டார். முதல் தொகுதி 1985, அஞ்சாவது 1998. காகிதம் மலிவா இருந்திருந்தா அந்த வேலையில பாதி மிஞ்சியிருக்குமான்னு நினைச்சுப் பார்க்கிறேன்.

சாயந்திரம் ஆனா நாராயண ஐயரோட திருவல்லிக்கேணி வீட்டுக்குப் போயிடுவார். மாடியில ரெண்டு பேரும் ஆளுக்கொரு பெரிய சிலேட்டு வெச்சுக்கிட்டு ராத்திரி பதினொண்ணரை வரைக்கும் கிறீச் கிறீச். ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவிடுவார். ஐயருக்கு நடுவில என்ன நடந்ததுன்னே புரியாது. அவரும் சாமானியப்பட்டவர் இல்லை, இந்தியக் கணிதச் சங்கத்தின் பொருளாளர். அவர் ராமானுஜன் கிட்ட என்ன சொன்னார்ங்கிறதை மகன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கார். நீ என் மட்டத்துக்கு இறங்கி வா, உன் ரெண்டு படிக்கு நடுவில குறைஞ்சது பத்துப் படியாவது எழுது, எனக்கே புரியலைன்னா ஊர்ல இருக்கிற மத்த கணக்குக்காரங்க உன்னை எப்படி ஏத்துப்பாங்க? இதான் சாரம்.

இதைப் படிச்சப்ப எனக்கு என் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்துச்சு. ஸ்கூல் பேர் வேண்டாம். விடை சரி, ஸ்டெப் இல்லைன்னு அஞ்சுக்கு ஒரு மார்க். "யாரைப் பாத்து எழுதினே?"ன்னு ஒரு கேள்வி வேற. நான் மேதை எல்லாம் இல்லை, அந்தக் கணக்கு மனசுலயே வந்துடுச்சு, அவ்வளவுதான். இந்த ரெண்டு வாத்தியார்களும் கேட்டது ஒரே விஷயம்தான், ஸ்டெப் எழுது. ஒருத்தர் கேட்டது மார்க் குறைக்க, இன்னொருத்தர் கேட்டது பையனை உலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க.

மீதியைச் சுருக்கமா சொல்லிடறேன், சினிமாவே வந்துடுச்சு (தமிழில் ஞான ராஜசேகரன் 2014-ல் எடுத்தார், ஆங்கிலத்தில் 2015-ல் தேவ் படேல் நடிச்சது). 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம். தன்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவு குமாஸ்தான்னுதான் அறிமுகம் செஞ்சுக்கறார், வருஷம் 20 பவுண்டு சம்பளம், வயசு ஏறக்குறைய 23. எனக்கு இதுல ஒரு சந்தோஷம். பவுண்டுக்கு 15 ரூபாய் இருந்த காலம், 30 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 360, அப்போ 24 பவுண்டு வரணும். வயசும் நிஜத்தில் 25. உலகத்தின் மிகப் பிரபலமான கணக்குக் கடிதம், முதல் வரியிலயே ரெண்டு எண்ணும் இடிக்குது :-) அடுத்த மாசமே வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தார். ஸ்பிரிங் அவர்கிட்ட நோட்டுகளைக் காட்ட, அவர் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு எழுதினார். மே 1-லிருந்து மாசம் 75 ரூபாய் உதவித்தொகை. பட்டம் இல்லாத ஆளுக்கு! 1914 மார்ச் 17, எஸ்.எஸ். நெவாசா கப்பல். 1919-ல் உடம்பு நொடிஞ்சு திரும்பி வந்தவர், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயசு 32.

இப்போ வாத்தியாருக்கு வருவோம்.

பி.கே. சீனிவாசன். 1924-ல் பிறந்தவர். ஜார்ஜ் டவுனில் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அதாவது ராமானுஜன் குடியிருந்த தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் சாக்பீஸ் பிடிச்சவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை, ஆராய்ச்சிக் கூடத்து ஆள் இல்லை. இவர் ஒரு வேலை செஞ்சார். ராமானுஜனைத் தெரிஞ்சவங்க, கூடப் படிச்சவங்க, கூட வேலை பார்த்தவங்க, அவர் கடிதத்தை டிரங்குப் பெட்டியில வெச்சிருந்தவங்க எல்லாரையும் வருஷக்கணக்கா தேடித் தேடிப் பிடிச்சார். கடிதங்களை வாங்கினார், நினைவுகளை எழுதி வாங்கினார். 1968-ல் ரெண்டு தொகுதியா புத்தகம் வந்தது. வெளியிட்டது யாருன்னு பாருங்க, முத்தியால்பேட்டைப் பள்ளியின் 'நம்பர் ஃப்ரெண்ட்ஸ் சொசைட்டி'யும் பழைய மாணவர்களும். ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்குச் சங்கம்!

1968-ங்கிறது முக்கியம். ராமானுஜன் செத்து 48 வருஷம். அவரோட பழகினவங்களுக்கு அப்போ எழுபது, எண்பது வயசு. இன்னொரு பத்து வருஷம் தள்ளிப் போட்டிருந்தா பேச ஆள் இருந்திருக்காது, பெட்டியில இருந்ததைக் கரையான் பார்த்துக்கிட்டிருக்கும். நாராயண ஐயர் சொன்ன அந்தப் பத்துப் படி விஷயம் நமக்குத் தெரியுதே, அது இந்தத் தொகுதியில வந்ததுதான். 1991-ல் ராபர்ட் கனிகல் எழுதின 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' உலகம் பூரா ஓடுச்சு, அதிலிருந்துதான் அந்த இங்கிலீஷ் சினிமா. அந்தப் புத்தகத்துக்கு அடியில முத்தியால்பேட்டை வாத்தியார் சேகரிச்ச கடிதங்கள் கிடக்கு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? தேசியக் கணித ஆண்டுன்னு 2012-ஐ அறிவிச்சப்ப எத்தனை மேடை, எத்தனை பேச்சு. இவர் பேரைச் சொன்ன மேடையை நான் பார்க்கலை. நான் போன மேடைகளைத்தான் சொல்றேன், எல்லா மேடைக்கும் போக நான் என்ன அரசியல்வாதியா?

சிலை விஷயமும் இப்படித்தான். ஜானகி அம்மாள் கணவர் போனப்புறம் எழுபது வருஷத்துக்கு மேல இருந்தாங்க, கடைசி வரைக்கும் திருவல்லிக்கேணி, தையல் தெச்சுப் பிழைப்பு. சிலை வைக்கிறேன்னு சொன்னாங்களே, எங்கேன்னு 1981-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில கேட்டாங்க. அது அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆஸ்கி காதுக்குப் போய், உலகம் பூரா கணக்குக்காரங்க பணம் போட்டு, பால் கிரான்லண்ட்ங்கிற சிற்பி வெண்கலத்தில் மார்பளவுச் சிலைகள் செஞ்சார். ஒண்ணு ஜானகி அம்மாள் கைக்கே வந்தது. அந்தச் சிற்பிக்கு மாதிரியா இருந்தது 1919 பாஸ்போர்ட் போட்டோ. அந்தப் போட்டோவும் ஹார்டி கேட்டுக்கிட்டதால 1936-ல் விண்ணியல் அறிஞர் சந்திரசேகர் வந்து ஜானகி அம்மாளிடம் தேடி வாங்கினது. கணக்கு பண்ணிப் பாருங்க: முகம் நமக்குக் கிடைச்சதும் வெளியூர்க்காரர் கேட்டதால, சிலை கிடைச்சதும் வெளியூர்க்காரர் பணத்தால. உள்ளூர்ல தானா கிளம்பி, யாரும் கேக்காம, வேலை செஞ்சவர்னு எனக்குத் தெரிஞ்சு இந்த வாத்தியார்தான்.

அவர் ரிட்டயர் ஆகி, 69 வயசு கிட்ட இருக்கும்போது ராயபுரத்தில் இந்த மியூசியம். உள்ளே போட்டோக்கள், கடித நகல்கள், நோட்டுகளின் நகல்கள். அசல் நோட்டு மூணும் மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகத்தில் இருக்கு. தங்கச் சிம்மாசனமோ கத்தியோ பார்க்கணும்னு வர்றவங்களுக்கு இங்கே ஒண்ணும் இல்லை. ஆனா பேரை மறுபடி படிங்க, 'மற்றும் கணிதக் கல்வி மையம்'. அந்த 'மற்றும்'லதான் வாத்தியார் உக்காந்திருக்கார். பிள்ளைங்க வந்து சுவத்தைப் பார்த்துட்டுப் போகக் கூடாது, உக்காந்து கணக்குப் போட்டுட்டுப் போகணும்கிறது அவர் கட்சி.

என்ன மாதிரி கணக்கு? அவர் எழுதின சின்னச் சின்னப் புத்தகங்களில் ஒண்ணு காலண்டரை வெச்சு எண் விளையாட்டு. அரவிந்த் குப்தா தளத்தில் இலவசமாவே கிடைக்குது. அந்தப் பாணியில ஒண்ணு செஞ்சு காட்டறேன். வீட்டு மாதக் காலண்டரை எடுங்க. (தினசரி கிழிக்கிற காலண்டர் ஆகாது. மளிகைக் கடையில கொடுத்த அதையே மாட்டி வெச்சிருக்கிறவங்க பக்கத்து வீட்டுக்குப் போங்க.) எந்த மாசமானாலும் சரி, மூணுக்கு மூணு ஒரு கட்டம் போடுங்க. உதாரணமா இப்படி:

8 9 10
15 16 17
22 23 24

ஒன்பது எண்ணையும் கூட்டுங்க. 144. நடுவில இருக்கிற 16-ஐ ஒன்பதால பெருக்குங்க. அதே 144. வேற எங்கே கட்டம் போட்டாலும் இப்படித்தான் வரும். ஒருத்தரைக் கட்டம் போடச் சொல்லி, நடு எண்ணை மட்டும் கேட்டுட்டு, கண்ணை மூடிக்கிட்டுக் கூட்டுத்தொகையைச் சொல்லலாம். மாமா, சித்தப்பான்னு பேர் வாங்கியிருக்கிறவங்களுக்கு ரொம்ப உபயோகம்.

அடுத்தது, ரெண்டுக்கு ரெண்டு கட்டம். 8, 9, கீழே 15, 16. குறுக்கே கூட்டினா 8-ம் 16-ம் 24, 9-ம் 15-ம் 24. சரி, இப்போ கூட்டாம பெருக்குங்க. 8 பெருக்கல் 16 என்பது 128. 9 பெருக்கல் 15 என்பது 135. வித்தியாசம் 7. இன்னொரு கட்டம் போடுங்க, 7. எங்கே போட்டாலும் 7. ஏன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா வாத்தியார் கோச்சுப்பார்.

இது குழந்தை விளையாட்டுதானே, ராமானுஜனுக்கும் இதுக்கும் என்னன்னு தோணும். ராமானுஜனோட ரெண்டாவது நோட்டைத் திறந்தா முதல் அத்தியாயம் என்ன தெரியுமா? மாயச் சதுரம்! மூணுக்கு மூணு கட்டத்தில் எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வரணும், அதுக்கு நடு எண்ணைப் போல மூணு மடங்கு இருக்கணும், அந்த மாதிரி சமாசாரம். பள்ளிக்கூட நாளில் யோசிச்சதா இருக்கணும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ஹார்டியை அசர வெச்ச ஆளோட நோட்டு, டவுன் ஹைஸ்கூல் பெஞ்சில உக்காந்து போட்ட கட்டத்தில்தான் ஆரம்பிக்குது. நம்ம வாத்தியார் பிள்ளைங்களை எங்கே உக்கார வெச்சாரோ, அதே இடத்தில். அங்கேயிருந்து அந்தப் பெரிய சூத்திரங்களுக்கு நடுவில ஆயிரம் படி இருக்கு, வாஸ்தவம். ஆனா முதல் படி எது, எங்கே இருக்குன்னு அவர் காட்டிட்டார்.

அதனாலதான் ராஜ்கோட்டையும் ராயபுரத்தையும் பக்கத்தில் வெச்சுப் பார்க்கணும்னு தோணுச்சு. அங்கே கட்டடம் அசல், 1875-ம் வருஷத்துக் கல், மேடை, வளைவு. உள்ளே வகுப்பு இல்லை. அந்தப் பள்ளி கடைசிக் காலத்தில் சரியா நடக்கலை, பிள்ளைங்க வரலை, தேர்ச்சி மோசம்னு காரணம் சொன்னாங்க, இருக்கலாம். ஆனா 'கெட்டில்' தப்பா எழுதின பையனுக்கு நினைவிடம்னா, அங்கே இன்னிக்குத் தப்பா எழுத நாலு பையன் இருக்க வேண்டாமா? இங்கே கட்டடத்துக்கும் ராமானுஜனுக்கும் நேரடியா ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் அந்தத் தெருவில் நடந்திருப்பார்னுகூட என்னால சொல்ல முடியாது. அசல் பொருளும் குறைவு. ஆனா வகுப்பு நடத்தத்தான் அதைத் திறந்தாங்க. தொல்லியல் துறை அன்பர்கள் என்னை அடிக்க வரலாம், எனக்கு ராயபுரம்தான் பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தினதாப் படுது.

ஆனா ராயபுரம் முறையில ஒரு பலவீனம் உண்டு, அதையும் ஒத்துக்கணும். கல் கட்டடத்துக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கும், பூட்டு போடும், டிக்கெட் கிழிக்க ஆள் போடும். வகுப்புக்கு வாத்தியார் வேணும். பி.கே.எஸ். 2005 ஜூனில் காலமானார். ஓர் ஆள் தன் வாழ்நாள் பூரா தேடினதும், சொல்லிக் கொடுத்த விதமும் ஒரு சின்ன இடத்தில் இருக்கு, அதைத் தாங்கிப் பிடிக்கிறது நாலு பேரோட ஆர்வம் மட்டும். மணி அடிக்க ஆளில்லாத பள்ளிக்கூடம் எப்படியோ, அப்படித்தான் இதுவும் ஆகக்கூடும். போறவங்க முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க. இப்போ வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்துடுச்சு, திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கத்து ஆட்களுக்கு 2021-லிருந்து அதே பாதை. இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ. தெரு பேர் சொன்னா போதும், மேதை பேரைச் சொல்லாதீங்க, டாக்டரா வக்கீலான்னு கேப்பாங்க.

போன மாசம் அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா, ஆறாவது படிக்கிறா. கணக்குன்னா வயித்து வலி வர்ற கேஸ். மேலே சொன்ன ரெண்டாவது விளையாட்டைக் காலண்டரில் காட்டினேன். ஏழெட்டுக் கட்டம் போட்டுப் பார்த்தா, எல்லாத்திலயும் 7. "ஏன் மாமா ஏழு?"ன்னா. நான் வாயைத் திறக்கலை. கொஞ்ச நேரம் காலண்டரையே முறைச்சுக்கிட்டிருந்தவ, நோட்டை எடுத்து ஒரு புது மாசம் கோடு போட ஆரம்பிச்சா. எட்டிப் பார்த்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அதோட வாரத்தை முடிச்சுட்டா. சனி, ஞாயிறு இல்லை. அடுத்த வரி 6-லிருந்து.

ரெண்டு கட்டம் போட்டுப் பெருக்கிப் பார்த்துட்டு, "மாமா, அஞ்சு வருது!"ன்னு கத்தினா.